பின்பிடி

வறுத்த சோளத்தை ஒவ்வொரு மணியாகத்தான் ஊட்ட வேண்டியிருந்தது. ஒரு பிடியாக வாயில் போட்டால் பாதி சிந்திவிடும். சிந்தியதை அவன் குனிந்து எடுக்க முடியாது. மஸ்குயின் கைகள் இரண்டையும் முதுகுக்குப் பின்னால் பருத்திக் கயிற்றால் கட்டியிருந்தார்கள். கழுத்தில் இன்னொரு கயிறு. அதன் நுனி மடியில் சுருண்டு கிடந்தது. உடம்பில் வேறு ஒன்றுமே இல்லை. காதுக்கட்டைகளைக் கழற்றி வாங்கிவிட்டதால் காதின் பெரிய துளைகள் தளர்ந்து தொங்கின. அவற்றின் வழியாகப் பின்னால் இருந்த கோரைத் தட்டி தெரிந்தது. எஸ்குனா அந்தத் துளைகளைப் பார்க்காமல், புருஷனின் வாயை மட்டும் பார்த்து ஊட்டப் பழகியிருந்தாள்.

எதிரில் அவளுடைய தம்பி யாமெகோல், வன்னிக் கட்டை ஒன்றைக் கால்களுக்கிடையே நிறுத்தி வைத்துச் செம்பு உளியால் அதன் முழங்காலைச் செதுக்கிக்கொண்டிருந்தான். இடுப்பளவு உயரக் கட்டை. கால்களும் வயிறும் மார்பும் வந்துவிட்டன. மஸ்குயைப் போலவே இடது தோள் சற்று இறங்கியிருந்தது. வலது காலின் சுண்டுவிரல் இல்லை. அது எப்போதோ கடற்சிங்கம் கடித்துப் போனது. அம்மண உடம்பில் எதையும் யாமெகோல் விடவில்லை. தலை மட்டும் இன்னும் உருவம் வராமல், வெடித்துவிடக் கூடாதென்று சுற்றிய ஈரத்துணிக்குள் வெறும் உருண்டையாக இருந்தது.

“தலைக்கு எப்ப வருவ மாப்ள?” என்று மஸ்குய் மென்றுகொண்டே கேட்டான்.

“வரும்போது வருவேன் அத்தான். ஆடாம இருங்க. நீங்க மெல்லுத மெல்லுல தொடை வரைக்கும் ஆடுது.”

“சோளம் கல்லு மாதிரி இருந்தா நான் என்ன செய்ய? ஒங்கக்கா வறுத்தது.”

யாமெகோல் உளியை எடுத்துவிட்டுச் சிரித்தான். எஸ்குனா சிரிக்கவில்லை. தலைக்கு எப்போது வருவாய் என்று மஸ்குய் தினமும் கேட்டான். கேட்கும்போது அவன் குரல் சற்றுத் தாழ்ந்துபோவதை அவள் கவனித்திருந்தாள். அந்த நாளை எண்ணி அவன் நடுங்குகிறான் என்று அவள் புரிந்துகொண்டாள். அப்படிப் புரிந்துகொண்டதுதான் பின்னால் நடந்த அத்தனைக்கும் காரணம். ஆகவே மற்றதை வரிசையாகச் சொல்லிவிடுவது நல்லது.

சிமோர் தேசத்துக் கரையில் எங்கள் பள்ளத்தாக்கு ஒரு சிறிய பள்ளத்தாக்கு. வாய்க்கால் ஒன்று, அதற்கு இரண்டு ஊர்கள். மண்ணெல்லாம் மணல். எதிரே கடலில் இருக்கும் பறவைத்தீவிலிருந்து எரு கொண்டுவந்து போடாவிட்டால் ஒரு சோளத்தட்டைகூட முளைக்காது. எரு எடுக்கிறவர்கள் தீவுக்கு ஓர் ஆளைக் கொடுக்க வேண்டும். உயிருள்ள ஆளையே கொடுத்த காலம் ஒன்று இருந்தது என்பார்கள். இப்போது மரம் போகிறது; அதைத் தீவின் எருவுக்குள் புதைத்துவிடுவார்கள். ஆனால் அந்த மரம் ஓர் ஆளாக இருக்க வேண்டும். யாரோ ஒருவனாக அல்ல, இன்னான் என்று சொல்லக்கூடிய ஆளாக. அதற்காகத்தான் ஆண்டுதோறும் வாய்க்கால் தூர் வாரி முடிந்ததும் மேல்வாய்க்கால் ஆண்களும் கீழ்வாய்க்கால் ஆண்களும் காய்ந்த ஆற்றுப்படுகையில் தடியும் கேடயமுமாக மோதுகிறார்கள். யாருடைய தலைக்குல்லாய் முதலில் விழுந்து, முடி எதிராளியின் கையில் சிக்குகிறதோ அவன் அந்த ஆண்டின் பிடிபட்டவன். அவனை அவன் ஊர்த் தச்சனே எதிரில் உட்காரவைத்துச் செதுக்க வேண்டும். கடைசியாகத் தலை. தலையிலும் கடைசியாக, முடி பிடிபட்ட இடம். அங்கே மட்டும் முடி ஒரு கைப்பிடிக்குக் கொத்தாகத் திரண்டு நிற்கும்படி செதுக்குவார்கள். நெற்றிக்கு மேலே என்றால் முன்பிடி: எதிர்த்து நின்றவன். பின்தலையில் என்றால் பின்பிடி: திரும்பி ஓடியவன்.

மஸ்குய் பின்பிடி.

தோணி கிளம்பும் நாளில் கயிறு ஆளின் கழுத்திலிருந்து மரத்தின் கழுத்துக்கு மாறும். அதற்குப் பிறகு அவனிடம் யாரும் அந்தப் பேச்சை எடுக்கக் கூடாது. அதுவரைக்கும் யார் வேண்டுமானாலும் எதை வேண்டுமானாலும் சொல்லிச் சிரிக்கலாம். பேசிப் பேசியே அதைத் தீர்த்து மரத்தில் ஏற்றிவிட வேண்டும் என்பது ஏற்பாடு.

கரையில் நெத்திலி காயவைக்கும் இடத்தில் மீன் பங்கு போடுகிறவள் லெக்கி. குரலும் உடம்பும் பெரியவை. வாய்க்கால் உடைந்த ஆண்டில் அவள் புருஷன் பிடிபட்டிருந்தான். முன்பிடிதான் என்றாலும் ஊர் அவளையும் விடவில்லை. எஸ்குனா கூடையோடு வந்து நின்றபோது லெக்கி ஒரு பெரிய மீனை எடுத்துத் தலையையும் வாலையும் தடவிப் பார்த்தாள்.

“ஒனக்கு வால் பக்கம் போதும்லா எஸ்குனா? ஒங்க வீட்டுல எல்லாம் பின்பக்கம்தானே.”

“சும்மா இரி லெக்கி,” என்றாள் பக்கத்தில் குடல் எடுத்துக்கொண்டிருந்தவள். “அவ புருசன் ஓடலையாம். வீட்டுல அடுப்பு எரியுதேன்னு ஞாபகம் வந்துட்டாம். அணைக்கப் போனானாம்.”

“அடுப்பு அணையுததுக்குள்ள பின்மண்டையில கை விழுந்துட்டு, பாவம்.”

சிரிப்பு நெத்திலிப் பாய்கள் மேல் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு ஓடியது. அதில் வன்மம் இல்லை. அவரவர் முறை வந்தபோது இதே இடத்தில் நின்று, வயிற்றைப் பிடித்துக்கொண்டு கூடச் சிரித்தவர்கள்தான் எல்லோரும். லெக்கி தன் முறையில் தன் புருஷனைப் பற்றி மற்றவர்களைவிட மோசமாகச் சொல்லிச் சிரித்தாள் என்பது இன்றைக்கும் பேச்சு. எஸ்குனாவும் சிரித்திருக்க வேண்டும். அவள் உதட்டைக்கூட அசைக்கவில்லை. லெக்கி நீட்டிய மீனை வாங்கி, மறுபடி குவியலிலேயே வைத்துவிட்டு, வெறுங்கூடையோடு திரும்பி நடந்தாள். அவளுக்குப் பின்னால் சிரிப்பு சட்டென்று நின்றது. அப்படி நின்றுபோனது யாருக்கும் பிடிக்கவில்லை.

அவளால் ஏன் சிரிக்க முடியவில்லை என்பது அவர்களுக்குத் தெரியாது. மோதல் நாளன்று பெண்கள் வாய்க்கால் கரைமேல் வரிசையாக நின்று பார்த்தார்கள். புழுதிக்குள்ளிருந்து மஸ்குய் வெளியே வந்ததை முதலில் பார்த்தவள் எஸ்குனா. கேடயத்தைக் கீழே போட்டுவிட்டிருந்தான். வாய் திறந்திருந்தது. ஊருக்குப் போகும் பாதை இடப்பக்கம் இருந்தது. புதர்கள் வலப்பக்கம் இருந்தன. அவன் இரண்டு பக்கமும் ஓடவில்லை. நேராக அவளை நோக்கி ஓடிவந்தான். அவள் கண்ணை அவன் கண் பிடித்தது. அந்த நேரத்தில் அவள் செய்தது ஒன்றே ஒன்றுதான்: முகத்தைத் திருப்பிக்கொண்டாள். பக்கத்தில் நின்றவளின் கழுத்துப் பாசிமணியைப் பார்த்தாள். பச்சை மணியும் வெள்ளை மணியும் மாறிமாறிக் கோத்திருந்தது. மறுபடி திரும்பியபோது, மேல்வாய்க்கால் கும்நெச் அவன் பின்முடியைக் கையில் சுற்றி நிமிர்த்தியிருந்தான். மஸ்குயின் முகம் வானத்தைப் பார்த்திருந்தது.

மீனைத் திருப்பி வைத்த மறுநாள் காலையில் அவள் தம்பியிடம் போனாள். மஸ்குயைக் கயிற்றைப் பிடித்துக் கடலுக்குக் குளிக்க அழைத்துப் போயிருந்தார்கள். யாமெகோல் கருங்கல்லில் உளியைத் தீட்டிக்கொண்டிருந்தான். மரம் ஓரமாகச் சாய்ந்து நின்றது.

“முன்னால செதுக்கு,” என்றாள்.

“எத?”

“பிடிய.”

அவன் தீட்டுவதை நிறுத்தவில்லை. “நான் அங்கனதான் நின்னேங்கா. ஊரே பாத்துச்சு.”

“பாத்தவங்க எல்லாம் செத்துப் போவாங்க. எருவுக்குள்ள வன்னி மக்காதுன்னு நீதானே சொல்லுவ? அப்பன்னா எத்தன காலத்துக்கு அவரு அங்கன முதுகக் காட்டிக்கிட்டுக் கெடக்கணும்? அம்மணமா வேற.”

“அதுக்குத்தானே அனுப்புதோம்.”

“ஒன் மரமா இருந்தா தெரியும்.”

யாமெகோல் உளியின் வாயைக் கட்டைவிரலால் தடவினான். “அத்தான் கேட்டாகளா?”

“தெனமும் கேக்காரே. தலைக்கு எப்ப வருவ, தலைக்கு எப்ப வருவன்னு. அந்தப் பயம் ஒனக்குக் காதுல விழலையா?”

“எனக்குப் பயம் மாதிரித் தெரியல.”

“நான் அவரு கூட வாழுதவ. நீ மரத்தோட வாழுதவன்.”

அவன் தலையை ஆட்டினான். ஒப்புக்கொண்டதா மறுத்ததா என்று தெரியவில்லை. அப்போதுதான் அவள் சொல்லக் கூடாததைச் சொன்னாள். “அம்மா போனப்ப ஒனக்கு வாயில பல்லு மொளைக்கல. சோளத்த மென்னு மென்னு ஒனக்கு ஊட்டினது யாரு?”

யாமெகோல் எழுந்துபோய் மரத்தின் தலையில் சுற்றிய துணிக்குத் தண்ணீர் தெளித்தான். பதில் சொல்லவில்லை. சொல்லாததையே அவள் பதிலாக எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போனாள்.

தலை தொடங்கியதும் நடுவில் ஒரு துணி கட்டிவிடுவார்கள். தன் முகம் மரத்தில் வருவதைப் பிடிபட்டவன் பார்க்கக் கூடாது; கரையில்தான் முதலில் பார்க்க வேண்டும். தச்சன் அவ்வப்போது துணிக்கு இந்தப் பக்கம் வந்து, முகத்தைத் தொட்டு அளந்துகொண்டு போவான். யாமெகோல் வந்தான். மூக்கு உடைந்து சேர்ந்த இடத்தை விரலால் அழுத்திப் பார்த்தான். முன்பல்லின் இடைவெளியைப் பார்த்தான். தாடைக்குக் கீழே கைவைத்துப் பார்த்தான். ஊட்ட வந்த எஸ்குனா ஒரு மூலையில் இருந்தாள்.

“பின்னால வந்து பாக்கலியே மாப்ள,” என்றான் மஸ்குய்.

“பாத்தாச்சு அத்தான். அன்னைக்கே பாத்தாச்சு.”

“நல்லாப் பாரு. அவன் வலது கையால சுத்திப் பிடிச்சான். முடிச்சு எடது பக்கமாச் சாஞ்சிருக்கும்.”

“சரி.”

“வந்து தொட்டுப் பாரேன்.”

யாமெகோல் பின்னால் போனான். மஸ்குயின் பின்தலைமேல் கையை வைத்தான். வைத்த கை எதையும் அளக்கவில்லை என்பது எஸ்குனா இருந்த மூலையிலிருந்து தெரிந்தது. மஸ்குய் கண்ணை மூடிக்கொண்டான். அவன் தோள் இரண்டும் மெல்ல இறங்கின. பயத்தை அடக்குகிறான் என்றே அவள் அப்போதும் நினைத்தாள்.

தோணி நாளில் கரை முழுக்க மூடுபனி. தீவு தெரியவில்லை, அதன் நாற்றம் மட்டும் வந்துகொண்டிருந்தது. இரண்டு ஊரும் கூடியிருந்தது. போங்கா வந்திருந்தார். எருவுக்குப் போகும் தோணிகளுக்கெல்லாம் அவர்தான் பொறுப்பு, பேச்சில் அளவானவர். சிவப்புச் சிப்பியை இடித்த பொடியைத் தூவிக்கொண்டே தோணியிலிருந்து பின்வாங்கி நடந்து, மரம் நிற்கும் இடம் வரைக்கும் ஒரு பாதை போட்டார். பிறகு சோளக்கள்ளை மரத்தின் தலைமேல் ஊற்றினார். கள் மரத்தின் முகத்தில் வழிந்து, பூசியிருந்த சாதிலிங்கச் சாயத்தைக் கரைத்துக்கொண்டு மார்பில் சிவப்பாக இறங்கியது.

நல்ல வேலை அது. அதைச் சொல்லாமல் இருக்க முடியாது. மூக்கு, பல்லிடுக்கு, இறங்கிய தோள், சிப்பி பதித்த கண்களில் இருந்த அந்த ஓரப்பார்வை எல்லாம் மஸ்குய். நெற்றிக்கு மேலே முடி கொத்தாகத் திரண்டு நின்றது. கூட்டத்தில் சிலர் அதைப் பார்த்தார்கள். பார்த்தவர்கள் பக்கத்தில் நின்றவர்களைப் பார்த்தார்கள்.

மரத்தைத் தோணிக்கு இழுத்துப் போக வேண்டியவன் பிடித்தவனே. கும்நெச் முன்னால் வந்தான். மஸ்குயைவிட இளையவன், அன்று குளித்து, புதுச் சட்டை போட்டிருந்தான். மரத்தின் பக்கத்தில் நின்று, போங்காவின் முகத்தைப் பார்த்தபடி, கையை அதன் பின்தலைக்குக் கொண்டுபோனான். பார்க்காமல்தான் கொண்டுபோனான். எங்கே இருக்கும் என்று அந்தக் கைக்குத் தெரியும். கை வழவழப்பான மரத்தில் வழுக்கியது. மறுபடி தேடியது. மேலே தடவி, காதருகே போய், கழுத்துக்கு இறங்கி, திரும்ப மேலே வந்தது. கரையில் நின்ற அத்தனை பேரும் அந்தக் கையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். யாரோ ஒருத்தி மூக்கால் சிரித்து, பாதியில் விழுங்கினாள்.

கும்நெச் திரும்பி மரத்தைப் பார்த்தான். அவன் முகத்தில் முதலில் வந்தது குழப்பம். பிறகு காது வரைக்கும் சிவந்துபோனான், தானே தப்புச் செய்தவன்போல. “சரி,” என்று தனக்குள் சொல்லிக்கொண்டு கையை முன்னால் கொண்டுவந்து நெற்றிக்கொத்தைப் பிடித்தான். பிடி சரியாக அமையவில்லை. அந்தக் கொத்து வேறு எந்தக் கைக்கோ செய்ததுபோல் இருந்தது.

போங்கா மஸ்குயைக் கூப்பிட்டார். கைக்கட்டோடு அவன் வந்து மரத்துக்கு நேரெதிரே நின்றான். இரண்டு அம்மணமும் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டு நின்றன.

“இது நீயா?”

இந்தக் கேள்விக்கு எல்லா ஆண்டும் உடனே பதில் வந்துவிடும். மஸ்குய் பார்த்துக்கொண்டே இருந்தான். அவன் கண் மரத்தின் பாதத்திலிருந்து ஏறி, தோளில் நின்று, மூக்கில் நின்று, நெற்றிக்கு மேலே போனது. அவனுடைய முகத்தில் ஏதோ ஒன்று மெல்ல அவிந்தது. எஸ்குனா அதைக் கண்ணால் பார்த்தாள். ஆறுதல் வரும் என்று காத்திருந்த முகத்தில் அவள் பார்த்தது அதுதான். தான் என்ன செய்துவிட்டோம் என்பது முழுவதும் விளங்கவில்லை. ஆனால் செய்துவிட்டோம் என்பது விளங்கிவிட்டது. மஸ்குய் தலையைத் திருப்பினான். கூட்டத்தில் யாமெகோல் தரையைப் பார்த்து நின்றான். அவனைத் தாண்டி எஸ்குனா. இந்தத் தடவை அவள் முகத்தைத் திருப்பவில்லை. திருப்பாமல் இருப்பது அவ்வளவு கடினமாக இருந்தது.

“இது நீயா?” போங்கா மறுபடி கேட்டார். குரலில் அவசரமில்லை. வேறு பதில் இருந்தால் சொல், இப்போதே சொல் என்பதுபோல் இருந்தது.

“நான்தான்,” என்றான் மஸ்குய்.

கயிறு மாறியது. காதுக்கட்டைகள் திரும்ப வந்தன. இடுப்பில் துணி கட்டினார்கள். கோரைத் தோணி மரத்தை ஏற்றிக்கொண்டு பனிக்குள் போய் மறைந்ததும் எப்போதும்போல் சோளக்கள் பானைகள் திறந்தன. விடுபட்டவனுக்கு முதல் குடுக்கை தருவது மீன் பங்கு போடுகிறவளின் வேலை. மற்ற ஆண்டுகளில் லெக்கி அதைக் கையில் திணித்து, முதுகில் ஓங்கி ஒன்று வைப்பாள். கள் பாதி சிந்தும், ஊர் ஆர்ப்பரிக்கும். அன்று அவள் குடுக்கையைக் கொண்டுவந்து மஸ்குய்க்கு முன்னால் மணலில் வைத்தாள். சிந்தாமல் வைத்தாள். வைத்துவிட்டுப் போய்விட்டாள்.

அதன் பிறகு யாரும் ஒரு வார்த்தை பேசவில்லை. பேசக் கூடாது என்பது ஏற்பாடுதான். ஆனால் முன்பு பிடிபட்ட மற்றவர்களிடம் அந்தப் பேச்சை மட்டும்தான் எடுக்க மாட்டார்கள். மஸ்குயிடம் எந்தப் பேச்சையும் எடுக்கவில்லை. வலை இழுக்கும்போது அவனுக்கு நல்ல முனையைக் கொடுத்தார்கள். வாய்க்காலில் கும்நெச் தன் முறைத் தண்ணீரை விட்டுக்கொடுத்துவிட்டு, “எனக்கு நாளைக்குப் போதும்ணே,” என்று சொல்லி மண்வெட்டியைத் தூக்கிக்கொண்டு வேகமாக நடந்தான். நெத்திலிப் பாய்களிடம் லெக்கி எஸ்குனாவுக்கு நல்ல நடுத்துண்டாக எடுத்துக் கூடையில் வைத்தாள், மீனைப் பார்த்துக்கொண்டே. எஸ்குனா சிலசமயம் வேண்டுமென்றே நின்றாள். வால் பக்கம் என்று யாராவது ஒரு சொல் சொல்லிவிட்டால், வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்துவிடலாம் என்று நின்றாள். யாரும் சொல்லவில்லை. யாமெகோலின் பட்டறையில் உளிச்சத்தம் கேட்டு நாளாகிவிட்டது. கேட்டவர்களிடம், மரம் ஈரமாக இருக்கிறது என்று சொன்னான்.

மஸ்குய் வீட்டில் அதிகம் பேசுகிறவன், அது குறைந்தது. சோளத்தை முன்பு போலவே கேலி செய்தான், ஆனால் நினைவு வந்து செய்வதுபோல் செய்தான். உட்கார்ந்திருக்கும்போது கைகள் தாமாகப் பின்னால் போய் ஒன்றன்மேல் ஒன்றாக இருந்தன. அவள் பார்ப்பதைப் பார்த்துவிட்டு முன்னால் கொண்டுவருவான். கயிறு இல்லாத கழுத்தில் விரலைவிட்டுத் தளர்த்திக்கொள்வான்.

ஒரு காலையில் அவன் வலையின் கிழிசலைப் பின்னிக்கொண்டிருக்கும்போது அவள் சொல்லிவிட்டாள். “நான்தான் தம்பிகிட்டச் சொன்னேன்.”

“தெரியும்.”

“எப்பத் தெரியும்?”

“அவன் என் மண்டையில கைய வச்சப்பவே ஒரு மாதிரி இருந்துச்சு. கரையில பாத்தப்பத் தெரிஞ்சுபோச்சு.”

“பெறகு ஏன் ஆமான்னீங்க?”

“இல்லன்னு சொன்னா மாப்ள அதுக்கப்புறம் உளியத் தொட முடியுமா? ஒன்னயும் கூப்பிட்டுக் கேப்பாங்க. அம்புட்டுப் பேருக்கு நடுவுல.” வலைக்கண்ணை இழுத்துப் பார்த்தான். “எனக்குத்தான் பழக்கமாயிட்டே.”

“நீங்க பயந்து கேக்கீங்கன்னு நெனச்சேன். தலைக்கு எப்ப வருவன்னு.”

மஸ்குய் நிமிர்ந்து அவளைப் பார்த்தான். அவன் முகத்தில் இருந்தது கோபமாக இருந்திருந்தால் அவளுக்கு எளிதாக இருந்திருக்கும். “பயமா? அது வரட்டும் வரட்டும்னு இருந்தேன் புள்ள. அம்மணத்தச் செதுக்குனான், கால் வெரல் இல்லாததச் செதுக்குனான், அதெல்லாம் எனக்கு எதுக்கு? நான் ஓடுனேன். அது ஒண்ணுதான் போகணும். அது ஒண்ணத்தான் நீங்க வீட்டுல வச்சுக்கிட்டீங்க.”

வெளியே கூழைக்கடாக்கள் தாழப் பறந்து போயின. அவன் குரலைத் தாழ்த்தினான். அவள் பயம் என்று நினைத்த அதே தாழ்ந்த குரல்.

“அன்னைக்கு நீ மொகத்தத் திருப்புனல்லா. அதையும் பாத்தேன். அதும் சேந்து போயிரும்னு நெனச்சேன்.”

முகம், கழுத்து, கை எல்லாம் சூடாகி, அந்தச் சூட்டை எங்கே கொண்டுபோய் வைப்பதென்று தெரியாமல் நின்றாள். அவன் பார்த்திருப்பான் என்று அவள் ஒருபோதும் நினைக்கவில்லை. அவன் பார்த்துவிட்டு, கைகள் கட்டுண்டு, அவள் கையால் அத்தனை நாளும் சோளம் வாங்கித் தின்றிருக்கிறான். மரத்தில் முன்னால் செதுக்கச் சொன்னது அவனுக்காகவா என்று அப்போதுதான் முதல்முறையாகத் தன்னையே கேட்டுக்கொண்டாள். ஓடிவந்தவன் ஓடிவரவே இல்லை என்றால், முகத்தைத் திருப்பியவளும் இல்லையல்லவா?

மஸ்குய் வலையை இறக்கி வைத்தான். எழுந்து வந்து அவளுக்கு முதுகைக் காட்டித் தரையில் உட்கார்ந்தான்.

“பிடி.”

“என்னது?”

“கும்நெச் பிடிச்ச எடத்துல பிடி. வலது கையால. சுத்திப் பிடி.”

“எதுக்கு?”

“எனக்கு என்ன தெரியும். வேற வழி ஏதும் தெரிஞ்சா சொல்லு.”

அவள் பிடித்தாள். முடி கரடுமுரடாக, உப்பேறி இருந்தது. ஒரு சுற்றுச் சுற்றியதும் அவன் தலை பின்னால் சாய்ந்தது. அவன் அப்படியே எழுந்தான். அவளும் எழ வேண்டியதாயிற்று. வாசலை நோக்கி நடந்தான்.

“இங்கனயே போதும்,” என்றாள்.

“இங்கன யாரு இருக்கா பாக்க?”

பனி விலகி வெயில் அடித்துக்கொண்டிருந்தது. அவர்கள் வீட்டிலிருந்து கரைக்குப் போகும் பாதை முதலில் யாமெகோலின் பட்டறையைத் தாண்டும், பிறகு நெத்திலிப் பாய்களுக்கு நடுவே போகும். பட்டறையில் யாமெகோல் வெறுங்கையோடு உட்கார்ந்திருந்தான். அவர்களைப் பார்த்ததும் எழுந்தான். கூப்பிட வாயெடுத்து, கூப்பிடாமல், கொஞ்சதூரம் விட்டுப் பின்னாலேயே வந்தான். எஸ்குனாவுக்கு எதிரில் இருப்பது எதுவும் சரியாகத் தெரியவில்லை. அவள் பார்த்ததெல்லாம் தன் கையையும் அந்தக் கையில் சுற்றியிருந்த முடியையும்தான். மஸ்குயின் முகம் மேலே பார்த்திருப்பதால் அவனுக்குப் பாதை தெரியாது. அவன் தடுமாறும்போதெல்லாம் அவள் கை இழுத்து நிறுத்தியது. தான் அவனை இழுத்துப் போகிறோமா, அவன் தன்னை இழுத்துப் போகிறானா என்று அவளுக்குப் பிடிபடவில்லை. விட்டுவிட்டு ஓடிவிட வேண்டும்போல் இருந்தது. ஓடினால் எந்தப் பக்கம் ஓடுவது என்றுகூட ஒருகணம் பார்த்தாள்.

நெத்திலிப் பாய்களிடம் வந்தபோது பெண்களின் கைகள் நின்றன. குடல் எடுக்கும் சிப்பிக்கத்திகள் அந்தரத்தில் நின்றன. கிளம்பிவிட்ட தோணியைப் பற்றி யாரும் வாய் திறக்கக் கூடாது. இதற்கு என்ன செய்வது என்று யாருக்கும் ஏற்பாடு இல்லை. எஸ்குனாவின் காதில் அலைச்சத்தம் மட்டும் விழுந்தது. யாராவது சிரித்துவிட வேண்டும் என்று அவள் உடம்பு முழுவதும் கேட்டது. லெக்கி எழுந்து நின்றிருந்தாள். ஈரக் கையின் முதுகால் வாயை அழுத்திப் பொத்தியிருந்தாள். அந்தப் பெரிய தோள்கள் குலுங்கின. சிரிக்கிறாளா அழுகிறாளா என்று பார்க்க எஸ்குனாவால் நிற்க முடியவில்லை. மஸ்குய் நடந்துகொண்டே இருந்தான்.

தண்ணீர் முழங்கால் அளவு வந்ததும் நின்றான். குளிர்ந்த தண்ணீர். யாமெகோல் நனையாத மணலில் நின்றுவிட்டான். அவன் கண்கள் சுருங்கி, அக்காவின் கை இருக்கும் இடத்தையும், அங்கே முடி இடப்பக்கமாகச் சாய்ந்து திரண்டிருப்பதையும் பார்த்தன.

“விடட்டுமா?” என்று எஸ்குனா கேட்டாள்.

ஓர் அலை வந்து இருவர் தொடையிலும் மோதிப் போனது. அடுத்தது வருவதற்குள் மஸ்குய் கழுத்தைத் தளர்த்தினான். தலையின் பாரம் முழுவதும் அவள் கையில் இறங்கியது. மரத்தைவிட அது கனமாக இருந்தது. அவள் காலை மணலில் நன்றாக ஊன்றிக்கொண்டு, இன்னொரு கையையும் கொண்டுவந்து தாங்கினாள்.